வீட்டில் கரையான்: அறிகுறியை வைத்து வழியைக் கண்டுபிடிப்பது

சுவரில் மண் கோடு தெரிந்தால் பெரும்பாலான வீடுகளில் ஒருவர் துடைப்பத்தால் அதைத் தட்டிவிடுவார், இன்னொருவர் கரப்பான் ஸ்ப்ரேயைக் கொண்டுவந்து அடிப்பார். நாலு பூச்சி சாகும், சுவர் சுத்தமாகும், ஒரு மாதம் கழித்து அடுத்த அறையில் புதிய கோடு கிளம்பும். முதல் கோடு எங்கே தொடங்கியது என்று பார்க்காமல் அழித்துவிட்டதால், மருந்தை எங்கே விடுவது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

அதனால் ஸ்ப்ரேயை வைத்துவிட்டு, எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வீடுகளைப் பாழாக்குபவை பெரும்பாலும் மண்ணுக்கடியில் கூடு கட்டும் கரையான்கள். ராணி அங்கேதான் இருக்கும், தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வீட்டுக்குள் நாம் பார்ப்பவை தீனி தேடி வந்த வேலைக்காரக் கரையான்கள். அவற்றின் தோல் மெல்லியது, உலர்ந்த காற்றில் சீக்கிரமே காய்ந்து செத்துவிடும். அதற்காகத்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துப் பாதைக்கு மேல் கூரை போட்டுக்கொண்டு வருகின்றன. கூட்டுக்கும் உங்கள் கதவுக்கும் நடுவே பல மீட்டர் தூரம் இருக்கலாம். கதவில் இருப்பதைக் கொல்வது கூட்டுக்கு ஒரு நஷ்டமே இல்லை.

பார்த்தவுடன் செய்ய வேண்டியது

கோட்டின் முழு நீளத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு மட்டும் கத்தி முனையால் பெயர்த்து எடுங்கள். உள்ளே வெளிறிய சிறு பூச்சிகள் ஓடினால் சந்தேகமில்லை. உடைந்த இடத்தில் முதலில் வந்து நிற்பவை காவல் கரையான்கள். உடம்பு வெள்ளையாகவும் தலை மஞ்சள் பழுப்பாகவும் இருக்கும், தாடை தனியாகத் தெரியும்.

ஒன்றும் ஓடவில்லை என்றால் மறுநாள் பாருங்கள். பெயர்த்த இடத்தை ஈர மண்ணால் அடைத்திருந்தால் பாதை நடப்பில் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் ஆகியும் அப்படியே கிடந்து, மண்ணும் தொட்டால் உதிர்கிறது என்றால் அந்தப் பாதையைக் கைவிட்டிருக்கின்றன. வீட்டைவிட்டே போய்விட்டன என்று அதற்கு அர்த்தமில்லை. பக்கத்திலேயே வேறு பாதை போட்டிருக்கலாம். அந்த அறையின் மற்ற மூலைகளையும் சுவருக்கு மறுபக்கத்தையும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: சுவரில், தூணில், தரையோரத்தில் மண் கோடு

கோட்டுக்கு இரண்டு முனை உண்டு. மேல் முனை தீனிக்குப் போகிறது. அதைப் பின்தொடர்ந்தால் எதைத் தின்கின்றன என்று தெரியும்: லாஃப்டில் கிடக்கும் அட்டைப்பெட்டி, ஜன்னல் சட்டம், காலண்டர் மாட்டிய மரக்கட்டை. கீழ் முனை மண்ணுக்குப் போகிறது, மருந்து போக வேண்டிய இடமும் அதுதான். பலர் மேல் முனையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கீழ் முனை சாதாரணமாக முடிகிற இடங்கள் சில உண்டு. தரையும் சுவரும் சேரும் மூலையில், ஸ்கர்டிங் டைலுக்குப் பின்னால் ஒரு நூல் இடைவெளி இருக்கும்; அதுதான் முதல் சந்தேகம். அடுத்து, குளியலறையிலும் சமையலறையிலும் பைப் தரைக்குள் இறங்குகிற இடம். கொத்தனார் பெரிய ஓட்டையாகப் போட்டு, சும்மா ஒப்புக்குச் சிமென்ட் தடவியிருப்பார். படிக்கட்டுக்கு அடியில் மண் நிரப்பிய பகுதி, பழைய வீட்டோடு ஒட்டிக் கட்டிய புது அறையின் இணைப்பு, எர்த் கம்பி வெளியிலிருந்து உள்ளே வரும் குழாய் ஆகியவற்றையும் பாருங்கள்.

வெளியே வந்து வீட்டைச் சுற்றி ஒருமுறை நடங்கள். சுவரை ஒட்டி மண் மேடாகக் குவிந்திருக்கிறதா? பூச்செடிப் பாத்தி சுவரைத் தொடுகிறதா? ஏசி தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருக்கிறதா? விறகு, பழைய கதவு, சென்ட்ரிங் பலகை சாய்த்து வைத்திருக்கிறதா? சென்னை மாதிரி ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகும். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க நாமும் வாசலில் மண் கொட்டி உயர்த்துவோம். சில வருடங்களில் பேஸ்மட்டம் முழுவதும் மண்ணுக்குள் போய், வீட்டுத் தரையும் வெளி மண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம் கரையான் கண்ணில் படாமலேயே நேராகச் செங்கல் சுவருக்குள் நுழையலாம். எந்த மருந்தும் வாங்குவதற்கு முன்னால் அந்த மண்ணைச் சுவரிலிருந்து விலக்குங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய வைத்தியம் இதுதான்.

இனி மருந்து. உள்பக்கத்தில் செய்ய வேண்டிய வேலைக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 6313, மூன்றாம் பாகம், ஒரு முறை வகுத்திருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தை ஒட்டி 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகளைத் தரைக்கடியிலுள்ள மண் வரை போட்டு, துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர் அல்லது மண் இனி வாங்காது என்று நிற்கும் வரை, கைப்பம்பால் மருந்துக் கரைசலை இறக்க வேண்டும். பிறகு துளையை ஒயிட் சிமென்டால் அடைத்துவிடலாம். வெளியே சுவரைச் சுற்றி சிமென்ட் தளம் போட்டிருந்தால் அங்கும் சுவரை ஒட்டி 30 செ.மீ.க்கு ஒரு துளை. ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.25 லிட்டர். வெறும் மண்ணாக இருந்தால் சுவரோரம் சிறு பள்ளம் தோண்டி ஊற்றுவார்கள்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் சுற்றளவு 44 அடி, அதாவது சுமார் 13.4 மீட்டர். வாசல் இடத்தைக் கழிக்காவிட்டால் 45 துளை. மண் நன்றாக வாங்கினால் அந்த ஓர் அறைக்கே 45 லிட்டர் கரைசல் போகும். குளோர்பைரிபாஸ் 20 இ.சி. (தண்ணீரில் கலக்கும் 20 சதவீத கரையான் மருந்து) என்றால் 1 லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர், ஆகவே 45 லிட்டர் கரைசலுக்கு இரண்டேகால் லிட்டர் மருந்து வேண்டும். ஓர் ஆள் 10 லிட்டர் கைத் தெளிப்பானோடு வந்து முழு வீட்டையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. போன்றவை வாடை காட்டாது. கரையானுக்கு அங்கே மருந்து இருப்பதே தெரியாது. நடந்து போய், உடம்பில் ஒட்டியதை மற்றவற்றுக்கும் கொடுத்து, மெதுவாகச் சாகும். இதை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. கலப்பார்கள். பைஃபென்த்ரின் விரட்டும் வகை. அது பட்ட இடத்தைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்தில் இடைவெளி தேடும். விரட்டும் மருந்தை எங்கும் விட்டுப்போகாமல் சுற்றிலும் இறக்கினால்தான் பலன். குடியிருக்கிற வீட்டில் கட்டிலுக்குப் பின்னாலும் கபோர்டுக்கு அடியிலும் துளை போட முடியாத இடங்கள் இருந்தே தீரும் என்பதால் நான் வாடை காட்டாத மருந்தையே சொல்வேன்.

துளை போடுவதற்கு முன் தரைக்கடியில் ஓடும் தண்ணீர் பைப்பும் கரண்ட் குழாயும் எங்கே என்று வீட்டைக் கட்டியவரிடமோ பழைய போட்டோவிலோ பார்த்துக்கொள்ளுங்கள். கிணறு, போர், சம்ப் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்து வேலையைத் தனியாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். குடிதண்ணீரில் இந்த மருந்து கலக்கவே கூடாது.

அறிகுறி: மழை பெய்த மறுநாள் ஜன்னலோரத்தில் உதிர்ந்த இறக்கைகள்

ஈசல். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மண் நனைந்தவுடன் கூட்டமாகக் கிளம்பும். கிராமத்துப் பக்கம் இதைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்கிறவர்கள் இன்றும் உண்டு. வெளியிலிருந்து டியூப் லைட்டைத் தேடி உள்ளே வந்த ஈசலுக்காகப் பயப்பட வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு வாசல் விளக்கை மட்டும் போட்டால் போய்விடும். இறக்கை உதிர்த்தவற்றைப் பெருக்கி வெளியே தள்ளினால் போதும். ஜோடி சேர்ந்து ஈர மண்ணுக்குள் புகுந்தால்தான் அவற்றுக்கு வாழ்வு, டைல்ஸ் தரையில் பிழைக்காது.

உள்ளேயிருந்தே கிளம்புவதுதான் பிரச்சினை. சுவர் விரிசலிலிருந்தோ கதவு நிலைக்குப் பக்கத்து இடுக்கிலிருந்தோ ஸ்கர்டிங் பின்னாலிருந்தோ வரிசையாக வெளியே வந்தால், கூட்டின் ஒரு கிளை உங்கள் சுவருக்கோ தரைக்கோ கீழே நன்றாக வேர்பிடித்துவிட்டது என்று பொருள். ஈசலை அனுப்பும் அளவுக்கு ஒரு கூடு வளரச் சில வருடங்கள் ஆகும். எந்த இடுக்கிலிருந்து வருகிறது என்று பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். கூட்டம் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும், பிறகு அந்த இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. முதல் துளை அந்த வட்டத்துக்குப் பக்கத்தில்தான் போக வேண்டும். ஸ்ப்ரே அடித்து அந்த இடுக்கை சிமென்டால் பூசி மூடினால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

சிறகு முளைத்த எறும்பும் இதே நாளில் பறக்கும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும், முன் இறக்கை பின் இறக்கையைவிடப் பெரிது. ஈசலுக்கு இடுப்பு ஒடுங்காது, நான்கு இறக்கையும் ஒரே நீளம், உடம்பைத் தாண்டி நீண்டிருக்கும்.

அறிகுறி: நிலையில் பெயின்ட் குமிழியிடுகிறது, தட்டினால் பொள்ளென்று சத்தம்

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் நிலைக்காலைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டி மரம் டொக்கென்று சொல்லும். சத்தம் மாறுகிற இடத்தில் முனையை வைத்து லேசாக அழுத்துங்கள். பெயின்ட் பூச்சு மட்டும் தோலாக நின்று, முனை பட்டென்று உள்ளே போய்விடும். அந்தத் தோலை உரித்தால் மரத்தின் ரேகைக்கு இணையாக நீள நீளமான பள்ளங்கள் தெரியும். மிருதுவான பகுதியைத் தின்று கெட்டியான வரிகளை மட்டும் தகடு தகடாக விட்டுவைத்திருக்கும், நடுவே காய்ந்த மண் அப்பியிருக்கும். இந்த மண்தான் அடையாளம். மண் இல்லாமல் உள்ளே வெறும் பொடியாக இருந்தால் அது வேறு கதை, கீழே வருகிறது.

நிலையில் கரையான் எப்போதும் கீழ்ப்பகுதியில்தான் தொடங்குமா? பெரும்பாலும் ஆமாம், ஏனென்றால் நிலையின் கால்கள் தரைக்குள் இறங்கியிருக்கும், குளியலறைக் கதவென்றால் தினமும் நனையும். ஆனால் மேல் சட்டத்தில் தொடங்கியிருந்தால் நிலையும் சுவரும் சேரும் இடைவெளி வழியாகப் பின்பக்கமாக ஏறியிருக்கிறது. அப்படியென்றால் நிலைக்குப் பின்னால் சுவருக்குள்ளும் மருந்து போக வேண்டும்.

மரத்துக்குள் மருந்து இறக்குவதற்கும் அதே விதியில் முறை உண்டு. நிலையின் உள்பக்கத்தில் 15 செ.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளைகளை மரத்தின் நடுப்பகுதி வரை, கீழ்நோக்கிச் சாய்வாகப் போட்டு, எண்ணெயில் கலந்த மருந்தை நிரப்ப வேண்டும். தண்ணீரில் கலந்த மருந்தைவிட எண்ணெயில் கலந்தது மரத்துக்குள் நன்றாக ஊறும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு போதும். முதல் தடவை ஊற்றியதை மரம் குடித்தவுடன் இன்னொரு தடவை ஊற்றுங்கள். எண்ணெய்க் கலவை தீப்பிடிக்கும் என்பதால் அன்று முழுக்க அந்தப் பக்கம் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? கீல் ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் சுற்றினாலோ, பூட்டுப் பக்கம் நசுங்கினாலோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் மருந்தோடு மரத்தூள் பேஸ்ட் அடைத்துப் பல வருடம் ஓட்டலாம். ஆனால் மண்ணுக்கு மருந்து போடாமல் நிலையை மட்டும் மாற்றாதீர்கள். புதுத் தீனி போட்ட மாதிரிதான் ஆகும். ஆசாரியிடம் புது நிலை செய்யச் சொல்லும்போது, சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகிற முனைகளில் மருந்தோ தாரோ இரண்டு கை பூசச் சொல்லுங்கள். அறுத்த முனை வழியாகத்தான் ஈரமும் ஏறும், கரையானும் ஏறும்.

தேக்கு என்றால் கரையான் தொடாது என்று கடைக்காரர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. வைரம் பாய்ந்த தேக்கை அவ்வளவு எளிதில் தின்னாது. அதே மரத்தின் ஓரத்திலிருக்கும் வெளிறிய பகுதியை நன்றாகவே தின்னும். இப்போது விற்கும் இளந்தேக்கில் அந்த வெளிறிய பகுதி அதிகம். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூணைக் காட்டி இன்றைய தேக்குக்கு விலை சொல்வது நியாயமில்லை.

அறிகுறி: மரச்சாமானுக்குக் கீழே பொடி அல்லது துகள் கொட்டுகிறது

பணம் வீணாவது இங்கேதான் அதிகம். கட்டிலுக்கடியில் பொடி கொட்டியதைக் காட்டி வீடு முழுக்கத் தரையில் துளை போட்டு மருந்து விட்டுப் போகிறார்கள். கொட்டியது கரையானே அல்ல.

ஒரு வெள்ளைத் தாளைச் சாமானுக்கடியில் விரித்து வையுங்கள். மறுநாள் தாளில் விழுந்ததை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மைதா போல நைஸாக வழுக்கினால், மரத்தில் குண்டூசி முனை அளவுக்கு வட்ட ஓட்டைகள் இருந்தால், அது துளைக்கும் வண்டு. ரப்பர் மரம், மூங்கில், மா, மலிவான பிளைவுட் எல்லாம் அதற்குப் பிடித்தவை. அந்தச் சாமானுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதும்; பூச்சு இல்லாத எல்லாப் பக்கத்திலும் மருந்து தடவி, ஓட்டைகளில் சிரிஞ்சால் ஏற்றி, காய்ந்தபின் வார்னிஷ் அடித்து மூடுங்கள். வார்னிஷ் மூடிய மரத்தில் வண்டு முட்டையிட முடியாது. கட்டிலின் அடிப்பக்கத்தை யாரும் வார்னிஷ் அடிப்பதில்லை, தொடக்கம் எப்போதும் அங்கேதான்.

துகள் நறநறவென்று தனித்தனி மணியாக, ஒரு மி.மீ.க்கும் குறைவான அளவில், எல்லாம் ஒரே அளவில் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரிந்தால் அது உலர்மரக் கரையானின் கழிவு. இதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம்; மரத்துக்குள்ளேயே முழுக் குடும்பமும் இருக்கும். கடலோர ஊர்களில் அதிகம். தரையில் மருந்து விடுவதால் இதற்கு ஒன்றும் ஆகாது. அந்த மரத்துக்குள் மருந்து ஏற்றுவதா, அந்தச் சாமானையே அப்புறப்படுத்துவதா என்றுதான் பார்க்க வேண்டும். பழைய மரச்சாமான் வாங்கும்போது தலைகீழாகக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

அறிகுறி: கபோர்டு, லாஃப்ட், புத்தக அலமாரியில் அரிப்பு

சாமானையெல்லாம் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள், பிறகு பின்பலகையைப் பாருங்கள். சுவரோடு அறைந்த கபோர்டில் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவிலிருக்கும் இருட்டு இடுக்குதான் பாதை. மைக்கா ஒட்டிய முன்பக்கம் பளபளவென்றே இருக்கும், கையை வைத்தால்தான் உள்ளே போகும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறையா என்று பாருங்கள். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. ஷவர் பைப் இணைப்பில் கசிவு, இந்தப் பக்கம் கபோர்டு. கசிவை நிறுத்தாமல் கபோர்டுக்கு மருந்தடித்துப் பலனில்லை.

அரித்த புத்தகங்களில் மண்ணைத் தட்டிவிட்டுப் பக்கங்களை விரித்து வெயிலில் காட்டுங்கள், பத்திரம் போன்ற அருமையான காகிதத்தை நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தின் மேல் மருந்து அடிக்க வேண்டாம். கறையும் படும், பின்னால் அதைக் கையால் புரட்டப் போவது நீங்கள்தான். மண்ணிலிருந்து வந்த கரையான் புத்தகத்துக்குள் குடும்பம் நடத்தாது, பாதை அறுந்தால் அதோடு சரி.

லாஃப்டில் கொலு பொம்மைகளை வைக்கோலும் பழைய பேப்பரும் சுற்றி அட்டைப்பெட்டியில் வைப்பது வழக்கம். வருடத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பெட்டி இறங்கும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, சுவரைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். பாதை வந்தாலாவது கண்ணில் படும்.

அறிகுறி: கீழே ஒன்றுமில்லை, மாடியில் மட்டும் வருகிறது

மூன்று வழி இருக்கலாம். ஒன்று, கரண்ட் குழாய். தரையிலிருந்து மாடி வரை சுவருக்குள் ஓடும் பிவிசி குழாய் கரையானுக்கு இருட்டான மாடிப்படி. ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் உள்ளே மண் அப்பியிருக்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். போர்டுக்குள் தண்ணீரில் கரைத்த மருந்தை ஒருபோதும் அடிக்காதீர்கள். ஷாக்கும் அடிக்கும், தீயும் பிடிக்கும். அங்கே தூள் மருந்துதான், அதையும் தெரிந்தவர்தான் போட வேண்டும்.

இரண்டு, பைப் இறங்கும் டக்ட். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர் எதையும் கவனிக்காமலிருக்க, டக்ட் வழியாக மேல்வீட்டுக் கபோர்டுக்கு வந்துவிடும். ஒரு வீடு மட்டும் மருந்து போட்டு இதை நிறுத்த முடியாது. அசோசியேஷன் கூட்டத்தில் பேசித் தரைத்தளத்துக்குச் சேர்த்துச் செய்ய வேண்டியதுதான்.

மூன்றாவது கொஞ்சம் அபூர்வம். மாடியிலேயே ஓயாத கசிவு இருந்தால், ஈரமான சுவருக்குள்ளோ நனைந்த மரத்துக்குள்ளோ மண்ணோடு தொடர்பில்லாமல் கூடு கட்டும் வகையும் உண்டு. மொட்டை மாடித் தொட்டி, செடித்தொட்டி, தளத்தின் விரிசல் என்று மேலிருந்து தேடுங்கள்.

அறிகுறி: தோட்டத்தில் புற்று, மரப்பட்டையில் மண்

மா, தென்னை மரத்தில் மண் அப்பியிருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்கின்றன. மண்ணைத் தட்டிவிட்டு, அடிமரத்துக்குச் சுண்ணாம்போடு துத்தம் கலந்து பூசலாம். வீட்டைத் தொடும் கிளையை மட்டும் வெட்டிவிடுங்கள்.

புற்றை இடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். மேலே தெரிவது காற்றோட்டத்துக்கான கூரைதான். ராணி கீழே கெட்டி மண் அறைக்குள் இருக்கும், இடித்ததை மறுபடி கட்டிவிடும். மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றுகிற புற்றென்றால் அதில் கை வைக்கவே வேண்டாம். உங்கள் வீட்டைச் சுற்றி மண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளுங்கள். புற்று அதன் இடத்தில் இருக்கட்டும், பாம்பு இருக்கவும் வாய்ப்புண்டு.

அறிகுறி: மருந்து போட்டும் திரும்ப வருகிறது

எப்போது வருகிறது என்பதை முதலில் பாருங்கள். போட்ட ஓரிரு வாரத்துக்குள் அங்கங்கே கரையான் தெரிந்தால் அது தோல்வி அல்ல. வாடை காட்டாத மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். இந்த நேரத்தில் பொறுமையிழந்து ஸ்ப்ரே அடித்தால், மருந்தைக் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவற்றை நீங்களே வழியில் கொன்றுவிடுகிறீர்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அதே இடத்தில் ஈர மண்ணோடு பாதை புதுப்பிக்கப்பட்டால், துளை மண்ணைத் தொடவில்லை, அல்லது கரைசல் போதவில்லை. சில தரைகளில் டைலுக்குக் கீழே பழைய மொசைக், அதற்கும் கீழே ஜல்லி கான்கிரீட் என்று அடுக்கடுக்காக இருக்கும். குட்டையான டிரில் பிட் பாதியிலேயே நின்றிருக்கும். கரைசலை ஊற்றியவுடன் துளையிலேயே தேங்கி வழிந்திருந்தால் அதுதான் நடந்தது. நீளமான பிட்டோடு மறுபடி வரச் சொல்லுங்கள்.

வேறு இடத்தில் வந்தால், விட்டுப்போன பக்கம் எது என்று தேடுங்கள். சமையலறை மேடைக்கு அடி, மாடிப்படிக்கு அடி, பூட்டியே கிடக்கும் பூஜை அறை இந்த மூன்றையும்தான் வழக்கமாக விட்டுவிடுவார்கள்.

சில வருடம் நன்றாக இருந்து திரும்ப வந்தால், நடுவில் வீட்டில் என்ன வேலை நடந்தது என்று யோசியுங்கள். டைல்ஸ் மாற்றியது, குளியலறைக்குப் புது பைப் போட்டது, சுவரோரம் தோண்டிச் செடி வைத்தது, எதுவாக இருந்தாலும் மருந்து ஏறிய மண்ணைக் கலைத்திருக்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் மறுபடி போட்டால் போதும்.

வாரன்டி கார்டை நம்பி ஆளை அழைக்காதீர்கள். என்ன மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை துளை, எத்தனை லிட்டர் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன்படி உரிமம் வாங்கியிருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. சீல் வைத்த பாட்டிலை உங்கள் முன்னால் உடைத்துக் கலக்கச் சொல்லுங்கள். பாட்டிலிலும் இரண்டு வகை உண்டு: குளோர்பைரிபாஸ் 50 இ.சி. என்றால் 1 லிட்டருக்கு 49 லிட்டர் தண்ணீர், 20 இ.சி. என்றால் 19. இரண்டும் ஒரு சதவீதம்தான். 20-ஐக் கொண்டுவந்து 50-இன் கணக்கில் தண்ணீர் ஊற்றினால் பாதிக்கும் குறைவான வீரியம்தான் மண்ணுக்குப் போகும்.

மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் பற்றியும் கேட்பீர்கள். பட்ட பூச்சி சாகும், மரத்தின் மேல் சில நாள் வராமலும் இருக்கும். மண்ணுக்கடியில் இருக்கும் கூட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. என்ஜின் ஆயில் வாடை மட்டும் வீட்டைவிட்டுப் போகாது.

மருந்து போடுகிற அன்று குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். மீன் தொட்டியை வெளியே எடுங்கள்; பைஃபென்த்ரின் வகை மீனுக்கு எமன், பூனைக்கும் ஆகாது. குளோர்பைரிபாஸ் போட்ட வீட்டில் யாருக்காவது வாயில் எச்சில் ஊறி, வாந்தி வந்து, கண்மணி சுருங்கிப் பார்வை மங்கினால் பாட்டில் லேபிளையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னும் வீடு கட்டி முடிக்கவில்லை என்றால்

உங்களுக்கு வேலை சுலபம். ஐஎஸ் 6313-இன் இரண்டாம் பாகம் இதற்காகவே இருக்கிறது. அஸ்திவாரக் குழியின் அடியிலும் 30 செ.மீ. உயரம் வரை பக்கங்களிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். அஸ்திவாரத்தை ஒட்டித் திரும்ப மண் நிரப்பும்போது செங்குத்துப் பரப்பின் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர், பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பி இறுக்கியபின் தரை கான்கிரீட் போடுவதற்கு முன்னால் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், கடைசியாக வெளிச்சுற்று. சைட்டில் விட்டுப்போவது பெரும்பாலும் மூன்றாவதுதான், ஏனென்றால் மண் நிரப்பிய மறுநாளே கான்கிரீட் வண்டி வந்து நிற்கும். முன்கூட்டியே தேதி சொல்லி வையுங்கள். மழை நாளிலோ மண் சொதசொதவென்று இருக்கும்போதோ மருந்து போட விடாதீர்கள், ஏறாது. மருந்து போட்ட மண்ணை அப்புறம் யாரும் தோண்டக் கூடாது, பிளம்பர் உட்பட. பைப் வேலை முழுவதையும் அதற்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்கு முந்தின நாள் மாலை நீங்களே உள்ளே இறங்கி, நிரப்பிய மண்ணில் பலகைத் துண்டு, முளைக்குச்சி, காகிதம் எது கிடந்தாலும் பொறுக்கி வெளியே போடுங்கள்.